சீரியலில் அம்மா வேடம்: ராமநாதபுரம் கடற்கரைப் பெண்களுக்கு

அம்மா, மாமியார், சித்தி, பக்கத்து வீட்டு அக்கா. சீரியலில் நாற்பது வயதுப் பெண்ணுக்கு எப்போதும் வேலை உண்டு. பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எங்கிருந்து கிளம்பினாலும், வேடம் வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு.

முதலில் படம். ஸ்டூடியோ மேக்கப்பும் ஃபில்டரும் வேண்டாம். பருத்திச் சேலையில் நேர்முகம், பக்கவாட்டு, முழு உருவம் என்று மூன்று போதும். கூடவே ஒரு நிமிட வீடியோ: பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள், பிறகு ஒரே வசனத்தை ஊர்ப் பேச்சில் ஒரு தடவை, பொதுப் பேச்சில் ஒரு தடவை. ஊர்ப் பேச்சை மறைக்காதீர்கள், அதற்கென்றே ஆள் தேடுகிற கதைகள் உண்டு. பலர் கடற்கரையில் நின்று எடுக்கிறார்கள். காற்று நேராக மைக்கில் மோதி, இரைச்சலில் வசனம் மூழ்கிவிடும். வீட்டுக்குள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, போனைக் கண் மட்டத்தில் நான்கடி தள்ளி வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள்.

வேடத்துக்கு முன்பணம் கேட்கிறவரிடம் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஆடிஷனுக்கு ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னால் போகவே வேண்டாம்.

செட்டில் பெரும்பாலும் உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தைச் சொல்லிக்கொடுப்பார். பின்னால் டப்பிங் வைத்தால் அவர் சொல்லிக்கொடுத்த குரல் போய்விடும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சொல் காதில் விழுந்ததும் வாயைத் திறந்தால் வாக்கியம் உடையும், கண்ணும் அவர் நிற்கும் பக்கம் ஓடும். ஒரு துண்டு வசனம் முழுசாகக் காதில் விழட்டும். எதிரில் நிற்பவர் முகத்தில் பார்வையை ஊன்றி, ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். வீட்டில் யாரையாவது நாளிதழ் வாசிக்கச் சொல்லி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். அம்மா வேடத்தில் கை சும்மா இருக்கும் காட்சி குறைவு. திருவிழா மேடையில் நடித்தவர்கள் க்ளோசப்பில் குரலையும் புருவத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

அழுகைக்குக் கிளிசரின் கீழிமை ஓரத்தில் துளி போதும். அதிகமானால் கண் சிவந்து, அடுத்த ஷாட்டின் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் இருப்பது) கெடும்.

கன்டினியூட்டி என்பது பொல்லாத விஷயம். ஒரே கூடத்தில் வெவ்வேறு எபிசோட் காட்சிகளை ஒரே நாளில் எடுப்பார்கள். வாசலில் நுழைவது இன்றைக்கு, உள்ளே வந்து நிற்பது அடுத்த வாரம். ஷாட் முடிந்ததும் சீன் நம்பர் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்து வையுங்கள்: முந்தானை மடிப்பு, பொட்டின் அளவு, எந்தக் கையில் எத்தனை வளையல், பூ எந்தப் பக்கம் தொங்குகிறது.

குணச்சித்திர வேடங்களுக்குச் சேலை பல நேரம் நம்முடையதுதான். பத்துப் பன்னிரண்டு சேலை வேண்டும். பொடிக்கோடு போட்டது திரையில் நெளியும், தவிர்த்துவிடுங்கள். நம் கரையில் உப்புக் காற்று துணியையும் நகையையும் சேர்த்துத் தின்னும். ஊக்கோடு மடித்து வைத்த பட்டில் துருக்கறை விழுந்தால் லேசில் போகாது. அதனால் எல்லா ஊக்கையும் கழற்றிவிட்டு மடியுங்கள். கவரிங் நகையைப் பஞ்சில் சுற்றி, இரண்டு சாக்பீஸ் துண்டோடு ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். சாக்பீஸ் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ராமேஸ்வரத்தில் இரவு ரயில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, அப்படியே செட்டுக்கு ஓடாதீர்கள். ரயில் ஒரு மணி நேரம் பிந்தினால் யூனிட்டே காத்துக் கிடக்கும். தூக்கமில்லாத முகம் வீங்கி க்ளோசப்பில் காட்டிக்கொடுக்கும். முந்தின நாளே போய் வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் தங்குங்கள்.

சம்பளம் நாள் கணக்கு, கைக்கு வர நாளாகும். வேலை பார்த்த தேதி, சீரியல், வந்த நேரம், போன நேரம் எல்லாம் டைரியில் இருக்கட்டும். பான் கார்டு கொடுத்தால் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே பிடிக்கும் வரி), கொடுக்காவிட்டால் 20. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்பி வரும். சின்னத்திரை நடிகர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் சம்பளத் தகராறில் போய் முறையிட ஓர் இடம் இருக்கும்.

இரண்டாவது சீரியல் வரும்போது அதே டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு தேதி கொடுங்கள். தேதி மோதி இரண்டு பக்கமும் காக்க வைத்தால், கதையில் உங்கள் பாத்திரத்தை வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் படத்துக்கு மாலை போட்டு முடித்துவிடுவார்கள்.