கில்ட் பின்னை ஊக்கு என்று நினைத்தால்

ஸ்காட்லாந்தில் நண்பன் ஒருவனின் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாரும் கில்ட், அதாவது அந்த ஊர் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் பாவாடை போன்ற உடை, கட்ட வேண்டும் என்று முடிவாகி, எனக்கும் ஒன்று வாடகைக்கு வந்தது. அன்றைக்கு நல்ல காற்று. உடையோடு வாள் வடிவத்தில் ஒரு பின்னும் இருந்தது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரண்டு துணிகளையும் சேர்த்துப் பிடித்து அழுத்திக் குத்தினேன். அம்மாவும் அக்காவும் முந்தானைக்கு ஊக்கு குத்துவதைப் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன செய்வான்? விருந்துக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். 'டர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு அங்குலக் கிழிசல். முன்பணத்தில் பாதி அதற்கே போயிற்று.

கில்ட் பின் குத்தித் துணி கெடுகிற கதைகளில் பெரும்பாலானவை இதே கதைதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முழு அளவு கில்ட்டுக்கு வழக்கமாக 8 கஜம் துணி என்பார்கள். நம் சேலைக்கும் மடிசாருக்கும் நடுவில் நிற்கிற கணக்கு. அதில் பெரும்பகுதி இடுப்பின் பின்பக்கம் கொசுவம் போல மடிப்பு மடிப்பாகப் போய்விடும். முன்னால் மடிப்பே இல்லாமல் தட்டையாக இரண்டு பகுதிகள். இவற்றை ஏப்ரன் என்கிறார்கள். உள் ஏப்ரன் இடதுபக்க இடுப்பில் வாரால் கட்டப்படும். அதன்மேல் வரும் வெளி ஏப்ரன் வலதுபக்கம் கட்டப்படும். அதன் ஓரத்தில்தான் நூல் பிரித்துவிட்ட குஞ்சம் இருக்கும். உட்காரும்போதும் படியேறும்போதும் இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். கில்ட் கட்டிக்கொண்டு தாராளமாக நடக்க முடிவதே அதனால்தான். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நகர வழியில்லை. உடம்பின் இழுவை முழுவதையும் பின் நிற்கிற அந்த ஒரு புள்ளி தாங்க வேண்டும். கம்பளி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அங்கே விட்டுக்கொடுத்துவிடும்.

ஆக, பின் வெளி ஏப்ரனில் மட்டும்தான் குத்த வேண்டும். குத்தும்போது இடது கையை இரண்டு ஏப்ரன்களுக்கும் நடுவில் விட்டுக்கொள்ளுங்கள். ஊசிமுனை விரலில் படுகிறதே தவிர உள் துணிக்குப் போகாது. குத்தி முடித்ததும் வெளி ஏப்ரனைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பது தனியாகத் தொங்கினால் சரி.

"அப்புறம் காற்றில் பறக்காதா?" என்று நானும் கேட்டேன். காற்றில் படபடத்த ஒரு சிப்பாயின் கில்ட்டைப் பார்த்து விக்டோரியா மகாராணி தன் உடையிலிருந்த பின்னைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஒரு கதை அங்கே உலவுகிறது. கதை அழகாக இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டவர்கள்தான் இரண்டு துணியையும் சேர்த்துக் குத்துகிறார்கள் என்பது என் சந்தேகம். ஓரத்தில் தொங்கும் பின்னின் கனம் துணியைக் கொஞ்சம் கீழே இழுத்து வைக்கும், அவ்வளவே. கில்ட்டை இடுப்பில் பிடித்து வைப்பது வாரும் பக்கிளும்தான்.

அடுத்தது இடம். குஞ்சத்தை ஒட்டியே குத்துகிறவர்கள் உண்டு. குறுக்கு நூல்களை உருவி எடுத்துவிட்டுத்தான் குஞ்சம் விடுகிறார்கள், அதனால் அந்த விளிம்பில் பிடிமானம் குறைவு. அங்கே குத்தினால் நெசவு பிரிந்துகொண்டே போகும். கில்ட்டின் கீழ் விளிம்பும் சாதாரண உடை போல மடித்துத் தைத்தது இல்லை, நெய்யும்போதே வருகிற கரைதான் அது. அதைத் துளைத்துவிட்டால் மறைக்க இடமில்லை. வலதுபக்கக் கீழ் மூலையில், கரையிலிருந்து நான்கு அங்குலம் மேலே, குஞ்சத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. பின்னின் நீளத்தைப் பொறுத்து அரை அங்குலம் முன்பின் போகலாம். வாளின் முனை மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்று சிலர் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். துணிக்கு எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

குத்துகிற விதத்திலும் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. கில்ட்டுக்கான டார்டன் என்கிற கட்டம்போட்ட துணி சாய்வரியாக நெய்த கம்பளி, கஜத்துக்கு 13 முதல் 16 அவுன்ஸ் வரை எடை. கூர்மையான முனை இரண்டு இழைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து நுழையும், இழைகள் விலகிக்கொடுக்கும். மழுங்கிய முனையோ இழையையே அறுத்துக்கொண்டு போகும். அதனால் முனையைத் துணியில் வைத்து லேசாகத் திருகிப் பாருங்கள். தடை தெரிந்தால் அழுத்தாமல் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். கழற்றும்போது அவசரத்தில் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரு கையால் துணியைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, போன வழியே உருவ வேண்டும்.

பின் நல்லதா என்று பார்க்க ஒரு பழைய நைலான் காலுறை போதும். ஊசியை அதன்மேல் ஓட்டுங்கள். எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. மிக மெல்லிய உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும். முனை வளைந்திருந்தால் திருத்தப் பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். பெரிய ஊக்கு வடிவப் பின்களில் இன்னொரு தொல்லை, அடியிலிருக்கும் கம்பிச் சுருளுக்குள் துணி போய் மாட்டிக்கொள்ளும். நம் வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலைக்குக் குத்தும்போது ஊக்கில் ஒரு மணியைக் கோத்து சுருள் வரை தள்ளிவிடுவார்களே, அதே வைத்தியம் இங்கும் பலிக்கும்.

கனமான பின் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் லேசான துணியில் அது தலைகுப்புறத் தொங்கும், துளை நீள்வட்டமாகிவிடும். கட்டாயம் அதுதான் வேண்டுமென்றால் துணியின் பின்பக்கம் அதே நிறத்தில் ஒரு சின்னக் கம்பளித் துண்டை வைத்து, அதையும் சேர்த்துக் குத்துங்கள். இழுவை கொஞ்சம் பரவும். விலை குறைந்த பாலிவிஸ்கோஸ் (செயற்கை இழைக் கலவை) கில்ட் என்றால் கனமான பின்னை நினைக்கவே வேண்டாம். கம்பளி போல அது பழைய நிலைக்குத் திரும்பாது. ஒவ்வொரு முறையும் அதே துளையில் குத்துவதையும் விடுங்கள், சில மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினால் போதும்.

விழா முடிந்து வந்ததும் பின்னைக் கழற்றிவிட்டுத்தான் கில்ட்டை மாட்ட வேண்டும். ஸ்காட்லாந்து மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரக் கம்பளியில் இரும்பு ஊசி ராத்திரி முழுக்க இருந்தால் துரு இறங்கும், அந்தக் கறை லேசில் போகாது. உலர்சலவைக்குப் போடும்போதும் இஸ்திரி போடும்போதும் பின் அதில் இருக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் துளை தெரிகிறதா? இழை அறுந்திருக்கிறதா என்று முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விலகி மட்டும் இருந்தால் நீராவி காட்டிவிட்டு நகத்தின் முதுகால் நாலாபக்கமும் மெல்லத் தேயுங்கள், கம்பளி தானாக மூடிக்கொள்ளும். அறுந்திருந்தால் கில்ட் தைப்பவரிடமே கொண்டுபோங்கள். உள்பக்கம் மறைந்திருக்கும் துணியிலிருந்து நூலை உருவி, அந்தந்தக் கோட்டுக்கு அந்தந்த நிறத்தில் இழையோட்டித் தருவார்கள். என் கிழிசலை அப்படித்தான் சரிசெய்தார்கள். கட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் மயிரளவு கோணலாக இருந்தது, எங்கே என்று தெரிந்ததால் என் கண்ணுக்குப் பட்டது.