உணவக பில்லில் ஏறும் கூடுதல் கட்டணங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெனுவில் 100 என்று போட்டிருக்கிறது, பில்லில் 120 வருகிறது. நடுவில் ஏறிய 20 எங்கே போகிறது என்று கேட்டால், "எல்லாம் வரிதான்" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். பில் விஷயத்தில் நாம் செய்கிற பெரிய தவறு இதுதான். வரி என்று நினைத்துவிட்டால் கேள்வி கேட்கத் தோன்றாது. யாரும் கேட்காத இடத்தில் கட்டணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

சாப்பாட்டின் விலைக்குக் கீழே அச்சாகும் தொகைகளில் சில அரசுக்குப் போகும், சில உணவகத்தின் கல்லாவுக்கு, சில பரிமாறியவர்களுக்கு. இந்தியாவில் பெரும்பாலான உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அது அரசின் வரி, மறுக்க முடியாது. பக்கத்திலேயே இருக்கும் சர்வீஸ் சார்ஜ், அதாவது உணவகமே போடும் சேவைக் கட்டணம், வரியே அல்ல. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. உணவக உரிமையாளர் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய ஜிஎஸ்டி முறை) பதிவு செய்த சிறிய உணவகங்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. அதை அவர்கள் பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். மலேசியாவில் சேவை வரி 6 சதவீதம், அது அரசுக்கு. சேவைக் கட்டணம் என்று தனியாக வருவது உணவகத்துக்கு. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் ஒன்றாகத் தெரிகின்றன.

அடுத்தது, சதவீதங்களைத் தனித்தனியாகப் பார்ப்பது. சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் பல நாடுகளில் வரி அதன்மீதும் கணக்கிடப்படும். சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். 100க்கு 10 சதவீத சேவைக் கட்டணம், ஆக 110. அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. கடைசியில் 119.90. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கு மட்டும் வரி சேர்க்காத விலையைக் காட்ட அங்கே அனுமதி உண்டு, அதனால் இது சட்டப்படிதான் நடக்கிறது. ஆனால் மனதில் 100 என்று கணக்குப் போட்டுத்தான் நாம் உட்காருகிறோம். கூட்டல் குறியைக் கண்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும் என்று அப்போதே நினைத்துக்கொள்ள வேண்டும். பிரான்சில் இந்தத் தொல்லையே கிடையாது. பட்டியலில் இருக்கும் விலையிலேயே வரியும் சேவையும் அடக்கம். எல்லா நாடுகளும் இப்படிச் செய்தால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை குறைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

டிப்ஸை இரண்டு முறை கொடுப்பது இன்னொரு தவறு, அதுவும் கூட்டமாகப் போகும்போது. அமெரிக்காவில் ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் உட்கார்ந்தால் பல உணவகங்கள் டிப்ஸை பில்லிலேயே சேர்த்துவிடும். அதற்குப் பிறகும் ரசீதில் டிப்ஸ் எழுதும் கோடு காலியாகவே இருக்கும். பார்க்காமல் மறுபடி 18, 20 சதவீதம் எழுதிவிடுகிறோம். கார்டு மெஷின் காட்டும் சதவீதங்கள் வரி சேர்ந்த மொத்தத் தொகையின் மீது போடப்பட்டிருக்கலாம், அதையும் கவனியுங்கள். அதே சமயம், டிப்ஸே தேவையில்லை என்று அங்கே முடிவு கட்டுவதும் சரியல்ல. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு அமெரிக்க மத்திய சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச மணிக்கூலி 1991 முதல் 2.13 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் அதைவிட அதிகம் தரச் சொல்கின்றன என்றாலும், டிப்ஸை நம்பியே வாழ்கிறவர்கள் நிறையப் பேர்.

சர்வீஸ் சார்ஜ் கொடுத்துவிட்டால் பரிமாறியவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புவதும் ஒரு தவறு. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் முதலாளி பிடித்தம் இல்லாமல் ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் இல்லாத இடத்தில் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை. அங்கே வேலை செய்பவரிடமே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கைக்கு வருவதில்லை என்றால், கொடுக்க நினைப்பதை நேராக அவர் கையில் கொடுத்துவிடலாம்.

சரி, விலைவாசிக்கு வருவோம். "சாமான் விலை ஏறிவிட்டது, அதனால்தான் இந்தக் கூடுதல் கட்டணம்" என்று உணவகம் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்வது ஒரு தவறு. அதை முழுப் பொய் என்று தள்ளுவது இன்னொரு தவறு. விலை ஏறியது உண்மை. ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிடும் உணவு விலைக் குறியீடு, 2014-16 சராசரியை 100 என்று வைத்தால், உக்ரைன் போர் தொடங்கிய மறு மாதமான 2022 மார்ச்சில் 160 வரை போனது. கோதுமையும் சமையல் எண்ணெயும் சேர்ந்து ஏறின. அப்புறம் அந்தக் குறியீடு இறங்கியது, உணவக விலை இறங்கவில்லை. காரணம் இருக்கிறது. நாம் சாப்பிடும் தட்டின் விலையில் மூலப்பொருள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான். மீதி சம்பளம், வாடகை, காஸ், மின்சாரம், கடன் வட்டி. இவை ஏறினால் எளிதில் இறங்குவதில்லை.

இதே கணக்கை வைத்து உணவகம் சொல்வதை எடை போடவும் முடியும். 100 ரூபாய் தட்டில் சாமான் செலவு 30 என்றால், அது 10 சதவீதம் ஏறினால் கூடும் தொகை 3 ரூபாய்தான். சாமான் விலையை மட்டும் காரணம் காட்டி 10 சதவீதம் கூட்டினால், மூலப்பொருள் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறவில்லை என்றால் வேறு எதையோ நாம் சேர்த்துக் கட்டுகிறோம்.

செலவு கூடினால் மெனுவில் விலையைக் கூட்டுவதுதான் நேர்மையான வழி. பார்த்து வேண்டும், வேண்டாம் என்று நாம் முடிவு செய்யலாம். பில்லின் அடியில் சதவீதமாகச் சேர்த்தால், விலை ஏறாத பொருளுக்கும் அதே சதவீதம் விழும். ஒரு பாட்டில் தண்ணீருக்கும் எண்ணெய் விலை உயர்வைக் கட்டுகிறோம். உணவகம் நடத்துபவர்களின் சிரமம் புரிகிறது, விலையைக் கூட்டினால் பக்கத்துக் கடைக்கு ஆள் போய்விடுவார் என்ற பயம் நிஜமானதுதான். ஆனாலும் இந்த வழி நியாயமில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு விலை தெரிவதில் என்ன தேர்வு இருக்கிறது?

வீட்டுக்கு வரவழைக்கும்போது தவறு வேறு மாதிரி. தள்ளுபடி சதவீதத்தை மட்டும் பார்க்கிறோம். உணவு டெலிவரி ஆப்புகள் உணவகத்திடம் கமிஷன் வாங்குகின்றன, பல இடங்களில் அது 15 முதல் 30 சதவீதம் வரை போகும். அதை ஈடுகட்டப் பல உணவகங்கள் ஆப்பில் விலையையே ஏற்றி வைக்கின்றன. ஏற்றிய விலையில் 20 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் பேக்கிங் சார்ஜ், பிளாட்பார்ம் கட்டணம், டெலிவரி கட்டணம், குறைந்த தொகைக்கு ஆர்டர் செய்தால் தனிக் கட்டணம். கடைசித் திரையில் வரும் மொத்தத்தை உணவகத்தின் நேரடி விலையோடு ஒப்பிட்டால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும். இலவச டெலிவரிக்காகத் தேவையில்லாத ஒன்றைச் சேர்ப்பதையும் விட்டுவிடலாம்.

கேட்காமல் மேஜைக்கு வருவதெல்லாம் இலவசம் என்று நினைக்காதீர்கள். இத்தாலியில் ஆளுக்கு இவ்வளவு என்று உட்காரும் கட்டணமே உண்டு. போர்ச்சுகலில் நீங்கள் கேட்காமல் வைத்ததைத் தொடாமல் விட்டால் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம், தொட்டால் கட்ட வேண்டும். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண நுகர்வோர் கார்டுகளுக்கு 2018 ஜனவரி முதல் அதற்குத் தடை இருக்கிறது.

கேட்க வேண்டிய நேரம் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு. "விலையில் எல்லாம் அடக்கமா, தனியாக ஏதாவது சேர்ப்பீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். பில் வந்த பிறகு என்றால் கார்டை நீட்டுவதற்கு முன்பு வரி வரியாகப் படியுங்கள், எண்ணிக்கையையும் சரிபாருங்கள். சாப்பிடாத ஒன்று பில்லில் ஏறியிருப்பது அபூர்வமில்லை. நீக்கச் சொல்வதென்றால் மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பரிமாறியவர் மேல் கோபத்தைக் காட்டுவது பெரிய அநியாயம், அந்தக் கட்டணத்தை அவர் போடவில்லை. மறுத்தால், பணத்தைக் கட்டிவிட்டு மெனுவையும் பில்லையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம், அப்போது அந்த பில் கைகொடுக்கும்.