முதல் பஸ்ஸைப் பிடித்தால் மலை ஏறலாம்: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் நடக்க விரும்புகிறவர்களுக்கு

எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில், கோட்டை மலைக்கு நேர் கீழே இருக்கிறது. சொந்த வண்டி கிடையாது. ஓய்வு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் நாத்தனாரும் ஒரு பஸ்ஸைப் பிடித்து, ஏதாவது ஒரு மலையடிவாரத்தில் இறங்கி நடப்போம். எந்த பஸ், எத்தனை மணிக்கு, பெண்கள் மட்டும் போகலாமா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெயில். நம் பக்கத்து மலைகள் பெரும்பாலும் மொட்டைப் பாறை, நடுநடுவே முட்புதர். காலை ஒன்பதரை தாண்டினால் தலைக்கு மேலே அடிக்கிற வெயில் போதாதென்று பாறையிலிருந்தும் சூடு கிளம்பும். அதனால் பத்து மணிக்குள் உச்சியைப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு ஒரே வழி விடியற்காலை பஸ். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் யார் கூப்பிட்டாலும் நான் போவதில்லை.

அடுத்தது திரும்பி வருகிற பஸ். போகிற பஸ்ஸைவிட இதைத்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் ஒரு தடவை, ஏறின பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு தடவை, இறங்கின இடத்தில் டீக்கடையில் ஒரு தடவை கேளுங்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால் நம்பலாம். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைக் குறி வைத்துத் திட்டம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் இல்லாததால் சில டவுன் பஸ்களுக்கு டிரிப் கட் ஆகிவிடும்.

இன்னொன்று, சாயங்காலம் கிராமத்துக்குள் போகிற பஸ்ஸைப் பார்த்து, "இதுதான் திரும்பி வரும்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அது நைட் ஹால்ட் வண்டியாக இருக்கலாம். இரவு ஊரிலேயே நின்று, மறுநாள் காலைதான் கிளம்பும். ஒரு கண்டக்டர் தம்பி எங்களிடம், "அக்கா, அது ஹால்ட் வண்டி. அதை நம்பி மலைமேல உட்கார்ந்துடாதீங்க" என்று அவராகவே வந்து சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எங்கே இறங்கினாலும் "ஹால்ட் வண்டி எது?" என்று கேட்டுவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவோம்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் காசு இல்லை. கண்டக்டர் தருகிற இலவச டிக்கெட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்; சில்லறையோடு போனால் எல்லோருக்கும் நிம்மதி.

இனி மலைகளுக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கோட்டையே போதும். சையத் பாஷா மலை என்பார்கள். கிருஷ்ணகிரிக்கு எந்த ஊரிலிருந்தும் பஸ் உண்டு. பழையபேட்டைக்கு வந்துவிட்டால் மலை கண்ணெதிரே நிற்கும். கல் படிகள் ஒரே அளவில் இருக்காது, சில இடங்களில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம். மேலே தர்கா, இடிந்த கட்டடங்கள், மழைநீர் தேங்குகிற குளங்கள். ஒரு பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் தெரியும்.

1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை ராத்திரியில் வந்து பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தது. மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மேலே இருந்த திப்புவின் ஆட்கள் பாறைகளை உருட்டிவிட்டே அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமஹால் என்று அப்போது சொன்ன நம் பகுதி முழுவதும் கைமாறியபோதுதான் இந்தக் கோட்டையும் ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. பாதி வழியில் மூச்சு வாங்க நிற்கும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மேலே இருப்பவருக்கு ஏன் துப்பாக்கிகூடத் தேவைப்படவில்லை என்று புரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ராயக்கோட்டை. கிருஷ்ணகிரியிலிருந்து நேர் பஸ் உண்டு, தேன்கனிக்கோட்டை போகிற பஸ்களும் அந்த வழிதான். தர்மபுரிக்காரர்கள் பாலக்கோடு வழியாக ஓசூர் போகிற பஸ்ஸில் ஏறி இறங்கலாம். ஊரில் ரயில் நிலையமும் இருக்கிறது. காலை பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும், ஏனென்றால் ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர் போன ஊர். இறங்கியதும் டிபன் சாப்பிட்டுவிடுங்கள், மலைமேல் கடை எதுவும் இல்லை.

தொல்லியல் துறை பாதுகாக்கிற கோட்டை இது. ஊரை ஒட்டியே ஏற்றம் தொடங்கிவிடும். மதில், வாசல், இடிந்த கட்டடம், சுனை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருப்பதால் ஏறுகிற களைப்புத் தெரியாது. மழை முடிந்த மாதங்களில் புல் ஆள் இடுப்பளவு வளர்ந்து படியை மறைத்துவிடும். அப்போது ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, புல்லைத் தட்டி, படியைக் கண்ணால் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். பாம்பும் விலகிப் போகும்.

பாறையில் நடப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். சரிவான பாறையில் மேலிருந்து கீழே கருப்பாக ஒரு பட்டை இறங்கியிருக்கும். அது மழைத்தண்ணீர் வழிகிற தடம். காய்ந்தது போலவே தெரியும், தொட்டால்கூட ஈரம் இருக்காது. ஆனாலும் காலை வைத்தால் வழுக்கும். பக்கத்திலேயே வெளிறி, சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கிற பாறையில் முழுப் பாதத்தையும் பதித்து நடங்கள். இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம். அடிப்பகுதி தேயாத கேன்வாஸ் ஷூ போதும், விலை கூடியது தேவையில்லை.

பாறை விளிம்புக்குக் கீழே மலைத்தேனீ கூடு தொங்கினால் சத்தம் போடாமல் தள்ளிப் போய்விடுங்கள். புகை, பட்டாசு, கல்லெறிவது எதுவும் கூடாது. அன்றைக்கு சென்ட் அடித்துக்கொள்ளாமல் கிளம்புவதும் நல்லது.

கோயிலும் வேண்டும், நடையும் வேண்டும் என்கிற வீட்டுப் பெரியவர்களுக்குத் தீர்த்தமலை. தர்மபுரியிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ அரூர் வந்து, அங்கிருந்து பஸ் மாற வேண்டும், பதினாறு கிலோமீட்டர். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பக்கத்தில் உயரமான பாறையிலிருந்து விழுகிற ராமர் தீர்த்தம். தென்பெண்ணைக் கரையில் இருக்கிற அனுமன்தீர்த்தத்தில் குளித்துவிட்டு மலை ஏறுவது வழக்கம். குரங்குகள் அதிகம், அதனால் பையின் ஜிப்பைப் பூட்டி வையுங்கள், கையில் பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். ஆடிப்பெருக்கு, மாசி நாட்களில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அமைதியாக நடக்க நினைப்பவர்கள் வேறு நாள் போகலாம்.

வத்தல்மலைக்குத் தர்மபுரியிலிருந்து பஸ் போகிறது, நேரத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மேலே போய்விட்டு ரோட்டிலேயே நடந்து இறங்குவதுதான் முட்டிக்கு நல்லது. இருபதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவு. மேலே காப்பி, மிளகு, சில்வர் ஓக், கேழ்வரகு, சாமை. அங்கே இருப்பவர்கள் மலையாளி என்கிற பழங்குடி மக்கள், கேரளக்காரர்கள் இல்லை. அவர்கள் வீட்டு வாசலும் தோட்டமும் சுற்றுலா இடமில்லை, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, காப்பிக்கொட்டையைப் பறித்துப் பார்க்கக் கூடாது.

நான் யாரையும் அனுப்பாத பக்கமும் உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, ஒகேனக்கல் சுற்றுக் காடுகள் யானைக் காடுகள். அந்தப் பக்கம் 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவித்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நடப்பது குற்றம். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் இறங்க வேண்டாம். கேழ்வரகு அறுப்புச் சமயத்தில் ஓசூர், சானமாவு, ராயக்கோட்டை ரோட்டுப் பக்கமும் யானைக் கூட்டம் வரும். அந்த மாதங்களில் ராயக்கோட்டை டீக்கடையில் "யானை எங்கே நிக்குது?" என்று கேட்காமல் மலைப்பக்கம் திரும்பாதீர்கள். அவர்கள் அன்றைக்குக் காலை நிலவரம் வரை சொல்வார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புளிசாதம், உப்புப் போட்ட மோர், தொப்பி அல்லது துண்டு, சார்ஜ் ஏற்றிய போன், அம்மாவின் பழைய புடவையில் கிழித்த ஒரு முழத் துணி. கணுக்கால் பிசகினால் அந்தத் துணியை இறுக்கிக் கட்டி அடிவாரம் வரை வந்துவிடலாம். கிளம்புகிற முன் எந்த மலை, எந்த பஸ்ஸில் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி பஸ் ஏறியதும் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.