உப்புக்காற்றில் நிற்க வேண்டிய சிற்பம்: காயலான் கடை இரும்பில் நாம் செய்யும் தவறுகள்

ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு கொடுவா மீன் செய்து நிறுத்தியிருந்தேன். பழைய எவர்சில்வர் தட்டுகளைச் செதில் செதிலாக வெட்டி, சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டு முடுக்கிய மீன். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. தட்டுகள் பளபளவென்றே இருந்தன. ஸ்க்ரூக்கள் துருவேறிப் பொடிந்து, செதில்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

வேறு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், அது ஒரு சின்ன பேட்டரி போலாகிவிடும். இரும்பு கரையும், எவர்சில்வர் தப்பித்துக்கொள்ளும். தட்டு பெரிதாக, ஸ்க்ரூ சிறிதாக இருந்தால் அரிப்பு இன்னும் வேகம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று படுகிற இடமெல்லாம் இதுதான் நிலைமை. எவர்சில்வருக்கு எவர்சில்வர் ஸ்க்ரூவே போடுங்கள். அடியில் இரும்புச் சட்டம் இருந்தால், நடுவில் சைக்கிள் டியூபை வெட்டி வாஷராகக் கொடுங்கள்.

காசிமேட்டுப் பக்கம் கிடைக்கும் படகுச் சங்கிலி, நங்கூரத் துண்டு எல்லாம் அழகுதான். ஆனால் துருவுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். மேலே பிரைமர் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பெயிண்டுக்கு அடியில் துரு கொப்புளமாகக் கிளம்பும். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, அப்படியே வெல்டிங் செய்வது உடம்பைக் கெடுக்கும் தவறு. மேலே இருக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் போதும் என்று பட்டறையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். பற்றவைக்கும் இடத்தைச் சுற்றிப் பூச்சை கிரைண்டரில் எடுத்துவிட்டு, வெட்டவெளியில், முகமூடி போட்டு வேலை செய்யுங்கள். பழைய ஷாக் அப்சார்பர், மூடிய டிரம் பக்கம் நெருப்பையே கொண்டுபோகாதீர்கள். வெடிக்கும்.

தையல் மெஷின் கால் கிடைத்தால் யாருக்கும் ஆசை வரும். அது வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் ராடில் ஒட்டினால், ஆறும்போது 'டக்' என்று விரிசல் விடும். சந்தேகம் வந்தால் கிரைண்டரில் லேசாக வைத்துப் பாருங்கள்: சாதா இரும்பில் பொறி நீளமாகப் பறக்கும், வார்ப்பிரும்பில் குட்டையாக, சிவந்து மங்கும். துளை போட்டு போல்ட் மாட்டுவதே நல்லது.

அப்புறம், தண்டவாளக் கிளிப். வளைந்த கழுத்து மாதிரி இருக்கும், பறவை செய்யக் கை துறுதுறுக்கும். ஆனால் ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாலையில் போட்ட மேன்ஹோல் மூடியும் வேண்டாம்; அது இல்லாத குழியில் யாராவது விழுவார்கள். கடைக்காரரிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், எவ்வளவு அழகான துண்டாக இருந்தாலும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.