மொரிஷியஸ் போகிறவர்களுக்கு: எந்தக் கரையில் தங்குவது?

விமான டிக்கெட் எடுப்பதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா முன்கூட்டியே எடுக்க வேண்டாம்; திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருக்கட்டும்.

படி 1: முதலில் மாதம், அப்புறம் கரை

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். விடுதிப் படங்களில் எல்லாக் கடலும் ஒரே நீலம். ஆனால் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், மே முதல் அக்டோபர் வரை அங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று விடாமல் வீசும். கிழக்கே பெல் மார் அருமையான கடற்கரை, ஆனாலும் ஜூலையில் அங்கே காற்றோடுதான் குளிக்க வேண்டும். நடுவில் இருக்கும் மேட்டுநிலம் காற்றைத் தடுப்பதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் போனால் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் அறை பாருங்கள். நவம்பரில் கிழக்கே தாராளமாகத் தங்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் வரக்கூடும்.

படி 2: கடலில் இறங்குமுன்

தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளத்திட்டு இருக்கிறது. அலை அதில் உடைந்துவிடும். தெற்கே க்ரீ க்ரீ பகுதியில் அந்தத் தடுப்பு இல்லை. அங்கே கரையில் நின்று பாருங்கள், இறங்காதீர்கள். மற்ற இடங்களில் ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள், முள்ளில் விஷமுள்ள கல்மீன் உண்டு.

படி 3: வரலாற்றுக்கு ஒரு முழு நாள்

தலைநகர் போர்ட் லூயிஸில் 'ஆப்ரவாசி காட்' (Aapravasi Ghat) என்ற பழைய குடியேற்றத் துறைக்கு வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். 1834 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் ஏறிய கற்படிகள் அங்கே இருக்கின்றன. தமிழர்களும் ஏறிய படிகள். கடற்கரையைக் குறைத்தாலும் இதை விடாதீர்கள். தென்மேற்கே லெ மோர்ன் மலை, தப்பி ஓடிய ஆப்பிரிக்க அடிமைகள் ஒளிந்திருந்த இடம். இரண்டையும் பார்த்தால்தான் இந்தத் தீவின் மக்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது புரியும். மதியம் சந்தைப் பக்கம் தால் பூரி சாப்பிடுங்கள்: பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, உள்ளே பீன்ஸ் குழம்பும் சட்னியும்.

பின்சேர்க்கை: தமிழ் பேசிச் சமாளிக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையும் உண்டு. ஆனால் வீடுகளில் பேசுவது பெரும்பாலும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி. கடையில் "போன்ஜூர்" சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் தொடருங்கள். பேருந்துகள் மாலையிலேயே குறைந்துவிடும். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.