பார்சல் டப்பா வாங்கும் முன்: பிளாஸ்டிக் கன்டெய்னரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உணவுத் தொழில் தொடங்கும் பலர் அடுப்பு, பாத்திரம், மெனு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் டப்பாவைப் பற்றி யோசிக்கிறார்கள். கேட்டலாக்கைப் பார்த்து, விலை குறைவான ஒன்றை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். பார்சல் வாங்குபவர் உங்கள் சமையலறையைப் பார்ப்பதில்லை. டப்பா ஒழுகினால் அவருக்கு உங்கள் கடையே ஒழுகும் கடைதான். எனவே கேட்டலாக்கை மூடி வைத்துவிட்டு, உங்கள் மெனுவிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: ஒவ்வொரு உணவுக்கும் நான்கு கேள்விகள்

மெனுவில் உள்ளதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: டப்பாவுக்குள் போகும்போது எவ்வளவு சூடு? திரவமா, எண்ணெய் மிதப்பதா, மொறுமொறுப்பானதா? சாப்பிடுபவர் கைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவர் அதை மறுபடி சூடாக்குவாரா, ஃப்ரீசரில் வைப்பாரா?

முப்பது வகை உணவு இருந்தாலும் கடைசியில் நாலைந்து குழுக்களாகத்தான் பிரியும். சூடான திரவம் ஒன்று, சூடான கெட்டி உணவு ஒன்று, பொரித்தது ஒன்று, குளிர்ந்தது ஒன்று, தொட்டுக்கொள்ள சின்னதாக ஒன்று. டப்பாவும் அத்தனை வகை போதும்.

படி 2: அடியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

டப்பாவைக் கவிழ்த்தால் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1988-இல் அமெரிக்காவில் வந்த முறை இது. அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. உணவுக்குப் பாதுகாப்பானது என்று சொல்வதில்லை. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சூடான உணவுக்கு 5, அதாவது பாலிபுரொப்பிலீன். சுருக்கமாக பிபி. இது உருக ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். கொதிக்கும் சூப்பை ஊற்றினாலும் நிற்கும். குறை ஒன்று உண்டு: சாதாரண பிபி ஃப்ரீசரில் விறைத்து, கீழே விழுந்தால் விரிசல் விடும். உறைய வைத்து விற்பவர்கள் அதற்கென்று செய்த ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எண் 1, பெட் (PET) என்ற பிளாஸ்டிக். கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்கும். சாலட், பழத்துண்டு, கேக்குக்கு அருமை. ஆனால் 70 டிகிரியைத் தாண்டினால் இளகிச் சுருங்கிவிடும். (ஓவனில் வைக்கும் கருப்புத் தட்டுகளிலும் சில நேரம் 1 என்றே இருக்கும். அது சூடு தாங்கப் படிகமாக்கிய தனி ரகம்.)

எண் 6, பாலிஸ்டைரீன். வெள்ளை நுரை டப்பாவும் இதே குடும்பம்தான். சூடான, கொழுப்பு மிகுந்த உணவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொழுப்பிலும் சூட்டிலும் அதன் மூலப்பொருளான ஸ்டைரீன் கூடுதலாக உணவுக்குள் இறங்குகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்’ என்ற 2ஏ பிரிவுக்கு மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் நுரை உணவு டப்பாக்களை விற்கவே முடியாது. உங்கள் ஊர் விதி என்ன என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். வாங்கிக் குவித்த பிறகு தெரிந்தால் பணம் போச்சு.

எண் 7 என்பது ‘மற்றவை’. சோள மாவில் செய்யும் பிஎல்ஏ (PLA) என்ற பிளாஸ்டிக் இதில்தான் வருகிறது. பெயர் பசுமையாக இருந்தாலும் சாதாரண பிஎல்ஏ 60 டிகிரியிலேயே தொய்ந்துவிடும். குளிர்ந்ததற்கு மட்டும் வையுங்கள்.

அப்புறம், மூடியின் எண்ணைத் தனியாகப் பாருங்கள். டப்பா 5, மூடி 1 என்று இருப்பது சகஜம். டப்பா மைக்ரோவேவில் தாங்கும், மூடி சுருண்டுவிடும்.

படி 3: சோதனை அறிக்கையைக் கேளுங்கள்

கோப்பையும் முள்கரண்டியும் போட்ட குறி, ‘ஃபுட் கிரேடு’ என்ற வார்த்தை, இரண்டையும் அச்சடிப்பது எளிது. சப்ளையரிடம் உணவுத் தொடர்புச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதுதான் இந்தச் சோதனை; ஐரோப்பிய வரம்பு ஒரு சதுர டெசிமீட்டருக்கு (10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்பு) 10 மில்லிகிராம்.

எண்களைவிட நிபந்தனையைக் கவனியுங்கள். 20 டிகிரியில் 10 நாள் வைத்துச் சோதித்த டப்பா குளிர்ந்த உணவுக்குத்தான். 100 டிகிரியில் ஒரு மணி நேரம் சோதித்ததுதான் உங்கள் சூடான சூப்புக்குப் பதில் சொல்லும். எண்ணெய்க்கும் சோதித்தார்களா என்றும் பாருங்கள். அறிக்கை தர மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

படி 4: மூடியில் நேரம் செலவிடுங்கள்

புகார்களில் பெரும்பாலானவை மூடியால் வருபவை. திரவத்துக்கு வட்ட டப்பா நல்லது; விளிம்பைச் சுற்றி அழுத்தம் ஒரே சீராக விழும். செவ்வக டப்பாவில் நான்கு மூலையும் பலவீனம். ஆனால் பையில் அடுக்க செவ்வகம்தான் வசதி. எனவே திரவத்துக்கு வட்டம், கெட்டிக்குச் செவ்வகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடும்போது ‘டக்’ என்ற சத்தம் விளிம்பு முழுக்க வர வேண்டும். சூட்டோடு இறுக மூடினால் ஆவி மூடியை மேலே தள்ளும். ஆறும்போது உள்ளே இழுக்கும். நல்ல மூடி இரண்டையும் தாங்கும்.

பொரித்த உணவுக்கு இதற்கு நேர் எதிர். இறுக மூடினால் ஆவி நீராகி உள்ளேயே சொட்டும், மொறுமொறுப்பு போய்விடும். ஆவித் துளை உள்ள மூடியை எடுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்ததும் கம்பி வலையில் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள்.

டெலிவரிக்கு அனுப்புபவர்கள், ஒருமுறை திறந்தால் தெரிந்துவிடும் பூட்டு வைத்த மூடியையும் பார்க்கலாம்.

படி 5: அளவும் எடையும்

‘500 மில்லி’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் விளிம்பு தளும்ப ஊற்றினால் வரும் கணக்கு. டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நீங்கள் உண்மையில் நிரப்பும் உயரம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லி. மேலே பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும்.

காலி டப்பாவின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கொள்ளளவில் இரண்டு கம்பெனி டப்பாக்கள் இருந்தால், விலை வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் கிராமில் தெரியும். அடியில் நடுவே சின்னப் புள்ளி இருந்தால் அது அச்சில் உருக்கி ஊற்றியது. சுவர் சீராக இருக்கும். தகட்டைச் சூடாக்கி இழுத்துச் செய்ததில் மூலைகள் மெலியும். மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஒரே மூடி பொருந்தும் வெவ்வேறு ஆழ டப்பாக்கள் கிடைக்கும். முடிந்தவரை அதையே எடுங்கள். நெரிசல் நேரத்தில் மூடி தேடுகிற தொல்லை இருக்காது.

படி 6: சாம்பிளைக் கொடுமைப்படுத்துங்கள்

மொத்தமாக வாங்கும் முன் ஐந்தாறு சாம்பிள் வாங்குங்கள். கொதிநீரில் ஒரு ஸ்பூன் எண்ணெயும் கொஞ்சம் தக்காளிச் சாறும் கலந்து ஊற்றி மூடுங்கள். வெள்ளை டிஷ்யூவில் சுற்றி, பக்கவாட்டில் சாய்த்து அரை மணி நேரம் விடுங்கள். சிவப்புக் கறை எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது. வெறும் தண்ணீரில் நிற்கும் மூடி எண்ணெயில் கைவிடும், அதனால்தான் எண்ணெய்.

அடுத்து, நிரப்பிய டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பையில் தூக்கி நடங்கள். அடியில் இருப்பது வளைகிறதா? மைக்ரோவேவ் குறி இருந்தால், மூடியை லேசாகத் திறந்து உங்கள் உணவையே இரண்டு நிமிடம் சூடாக்குங்கள். கடைசியில் காலி டப்பாவில் வெந்நீர் ஊற்றி மூடி, திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாடை வந்தால் விட்டுவிடுங்கள்.

படி 7: வாங்குதலும் வைப்பும்

விலையை டப்பாவுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஓர் ஆர்டருக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். மூடி, சின்னக் கிண்ணம், உடைந்தது, ஒழுகியதால் திருப்பிக் கொடுத்த பணம் எல்லாம் அதில் சேரும். கருப்பு டப்பா அழகுதான். ஆனால் கார்பன் கருப்பு நிறமி கலந்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சி ஆலையில் வகை பிரிக்கும் அகச்சிவப்புக் கருவிகள் கண்டுபிடிப்பதில்லை. முடிந்தால் வெளிர் நிறமோ நிறமற்றதோ எடுங்கள்.

வெயில் படாத, ரசாயனமும் சோப்பும் இல்லாத இடத்தில் உறை பிரிக்காமல் வையுங்கள். சுற்றியுள்ள வாடையைப் பிளாஸ்டிக் இழுத்துக்கொள்ளும். புதுச் சரக்கு வந்ததும் பழைய டப்பாவில் புது மூடியைப் போட்டுப் பாருங்கள். அச்சு மாறியிருந்தால் அன்றே சப்ளையரைக் கூப்பிட்டுப் பேசலாம்.