நிக்கல் படலத்தில் ஃபெம்டோ நொடி கெர் அளவீடு: முதல் முறை செய்பவருக்கு

முதலில் கையில் இருக்கும் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். நாம் பயன்படுத்தும் 800 நானோமீட்டர் லேசர் ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். மோதிரத்தில் பட்டுத் திரும்பும் ஒரு கீற்று போதும், விழித்திரை போய்விடும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் கற்றை போகும் உயரத்துக்குத் தலையைக் குனியக் கூடாது.

சரி, என்ன அளக்கப்போகிறோம்? 1877-ல் ஜான் கெர், மின்காந்தத்தின் மெருகேற்றிய முனையில் ஒளியைப் பட்டுத் திரும்பவிட்டு, அதன் போலரைசேஷன் தளம், அதாவது ஒளியலை அதிரும் தளம், லேசாகச் சுழல்வதைப் பார்த்தார் (போலரைசேஷன் பாடப்புத்தகத்தில் தளவிளைவு என்று இருக்கும், லேபில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை). அந்தச் சுழற்சி உலோகத்தின் காந்தமாக்கத்தைப் பொறுத்தது. 1996-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் போர்ப்பேரும் பிகோவும் அவர்களது குழுவினரும் 20 நானோமீட்டர் நிக்கல் படலத்தை 60 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) லேசர் துடிப்பால் அடித்துவிட்டு இதையே அளந்தார்கள். காந்தமாக்கம் யாரும் எதிர்பாராத வேகத்தில் சரிந்தது. நாமும் அதே நிக்கலில்தான் தொடங்கப்போகிறோம்.

லேசர் கற்றையை இரண்டாகப் பிரியுங்கள். பெரிய பங்கு பம்ப், படலத்தை அடிப்பது இதுதான். அதை ஒரு பிபிஓ படிகத்தில் (ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்குவது) விட்டு 400 நானோமீட்டராக்கி, வழியில் சாப்பர் (கற்றையை விட்டுவிட்டு மறைக்கும் சுழல் தட்டு) வையுங்கள். சின்னப் பங்கு புரோப், அடி வாங்கிய படலத்தை அளப்பது, அது 800-லேயே இருக்கட்டும். இரண்டுக்கும் நிறம் வேறு என்பதால், சிதறி வரும் பம்ப் ஒளியைக் கடைசியில் ஒரு வடிகட்டியை வைத்துத் தடுத்துவிடலாம். புரோப் ஒரு நல்ல போலரைசர் வழியாகப் போய், காந்தத்தின் நடுவே சாய்வாக இருக்கும் படலத்தில் பட்டு, ஹாஃப் வேவ் பிளேட்டையும் (போலரைசேஷன் தளத்தைத் திருப்புவது) வோலாஸ்டன் பட்டகத்தையும் (ஒளியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு போலரைசேஷன்களாகப் பிரிப்பது) கடந்து இரண்டு போட்டோடையோடுகளில் விழ வேண்டும். பிளேட்டைத் திருப்பி இரண்டின் வித்தியாசத்தைச் சுழியாக்குங்கள். அதன் பிறகு போலரைசேஷன் θ கோணம் சுழன்றால், வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்து வருவது ஏறத்தாழ 2θ. மில்லி டிகிரி சுழற்சி என்றால் அது கிட்டத்தட்ட 30,000-ல் ஒரு பங்கு. லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் (சாப்பரின் தாளத்தில் மாறும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) இல்லாமல் இந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

உண்மையான பாடு இனிமேல்தான். பம்பும் புரோப்பும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விழ வேண்டும். இடம் எளிது: படலம் இருக்கும் இடத்தில் நுண்துளைத் தகடு ஒன்றை வைத்து இரண்டையும் அதே துளை வழியே அனுப்புங்கள், பம்பின் புள்ளி புரோப்பைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். நேரம்தான் ஆளைக் கொல்லும். அதைச் சரிசெய்வது டிலே ஸ்டேஜ், ஒரு கற்றையின் பாதையை நீட்டவும் குறைக்கவும் நகரும் கண்ணாடி மேடை. ஒளி போய்த் திரும்புவதால் அது 1 மைக்ரான் நகர்ந்தால் 6.7 ஃபெம்டோ நொடி, 15 மில்லிமீட்டர் நகர்ந்தால் 100 பிக்கோ நொடி (ஒரு பிக்கோ நொடி என்பது ஆயிரம் ஃபெம்டோ நொடி). வேகமான போட்டோடையோடையும் ஆசிலோஸ்கோப்பையும் வைத்து இரண்டு துடிப்புகளையும் ஏறக்குறைய 50 பிக்கோ நொடிக்குள் கொண்டுவந்துவிடலாம். அப்புறம் கெர் சிக்னலைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். ஜோடி டையோடில் ஒன்றை அட்டையால் மறைத்துவிட்டால் லாக்-இன் காட்டுவது எதிரொளிப்பு மாற்றத்தை, அது கெர் சிக்னலைவிடத் தேடிப் பிடிக்க லேசானது, படலம் சூடாகி ஆறப் பல பத்து பிக்கோ நொடி ஆகும் என்பதால் ஸ்டேஜை 0.1 மில்லிமீட்டராக நகர்த்தினாலும் தப்பாது. திடீரென்று எண் எகிறும் இடம்தான் சுழி நேரம், பம்பும் புரோப்பும் ஒன்றாக வந்து சேரும் நேரம். அட்டையை எடுத்துவிட்டு, திரும்பச் சமன் செய்து, அங்கிருந்து பொடிப் படிகளில் ஸ்கேன் ஓட்டுங்கள்.

வளைகோடு அழகாக வந்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். நான் ஒருமுறை இரண்டு நாள் அப்படிக் குதித்துவிட்டு, மூன்றாம் நாள் காந்தப் புலத்தைத் திருப்பிப் பார்த்தேன், வளைகோடு அசையவே இல்லை. நான் பார்த்தது வெறும் எதிரொளிப்பு மாற்றம், சமன் சரியாக இல்லாததால் உள்ளே நுழைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஸ்கேனையும் புலத்தை இரு திசையிலும் வைத்து எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். காந்தமாக்கத்தால் வந்தது குறி மாறும், மற்றது கழிந்துபோகும்.

அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. குறி மாறும் சிக்னல்கூட முழுக்கக் காந்தமாக்கத்தால் வந்ததுதானா என்ற சந்தேகத்தை 2000-ல் கூப்மன்ஸ் குழுவினர் கிளப்பினார்கள். கால் அலைத் தட்டு ஒன்றைச் சேர்த்தால் சுழற்சிக்குப் பதில் நீள்வட்டத்தன்மையை, அதாவது ஒளியலையின் அதிர்வு நேர்கோட்டிலிருந்து எவ்வளவு நீள்வட்டமாக மாறியது என்பதை, அளக்கலாம். சிக்னல் காந்தமாக்கத்தால் மட்டுமே வந்தது என்றால் இரண்டு வளைகோடுகளும் அளவு மாற்றியதும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும், நிக்கலில் முதல் சில நூறு ஃபெம்டோ நொடிகளில் உட்காரவில்லை. உங்களுக்கும் பிரிந்து நின்றால், அந்தப் பகுதியை வைத்துக் காந்தம் இத்தனை ஃபெம்டோ நொடியில் சரிந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, கோப்பின் பெயரிலேயே புலத்தின் திசையைப் போட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் எது பிளஸ் எது மைனஸ் என்று ஞாபகம் இருக்காது.